பழைய கிட்டாருக்கு ஆறு தரப் கம்பி கட்டிய கதை

ஏழு மாதமாக மேசையை அடைத்துக்கொண்டு கிடந்த கிட்டார் போன வாரம் ஒருவழியாகப் பேசிவிட்டது. இரும்பு உருளையைக் காந்தாரச் சுரத்தில் வைத்து முதல் கம்பியை ஒரு தட்டுத் தட்டினேன். உடனே உள்ளங்கையால் மேல் கம்பிகள் ஆறையும் அமுக்கினேன். ஒலி நிற்கவில்லை. அடியில் நான் தொடாத கம்பி ஒன்று அதே காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டு தம்பூரா மாதிரி நான்கைந்து விநாடி ரீங்கரித்து அடங்கியது. தரப் கம்பி என்பது இதற்குத்தான்: நாம் மீட்டுவதில்லை, தன் சுரம் கேட்டால் அதுவே கூட அதிரும். இந்த நான்கைந்து விநாடிக்கு நான் செய்த தப்புகளை வரிசையாக எழுதி வைக்கிறேன், இன்னொருவருக்காவது மாதங்கள் மிச்சமாகட்டும்.

ஆசை எளிமையானது. மடியில் கிடத்தி உருளையால் வாசிக்கும் கிட்டார் ஹவாயிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசப் கெகுகு என்ற இளைஞர் அதைப் பிரபலப்படுத்தினார். அதன் அடியில் தரப் கம்பி கட்டி மோகன வீணை ஆக்கியவர் விஸ்வ மோகன் பட். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடருடன் சேர்ந்து வாசித்த இசைத்தொகுப்புக்கு 1994இல் கிராமி வாங்கினார். நமக்கும் இது புதிதில்லை. சித்திரவீணையில் மெட்டும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) கிடையாது, உருளையால்தான் வாசிப்பு, அடியில் தரப் கம்பியும் உண்டு. நார்வேயின் ஹர்டாங்கர் பிடிலிலும் நாலு கம்பிக்கு அடியில் வில் படாத கம்பிகள் ஓடுகின்றன. இத்தனை ஊர்க்காரர்களுக்குத் தோன்றியது நமக்கும் கைகூடும் என்ற தைரியத்தில் இறங்கினேன்.

எடுத்துக்கொண்டது ஒட்டுப்பலகை முகப்புள்ள பழைய இரும்புக்கம்பி கிட்டார். உடைந்தால் அழ வேண்டாத ரகம். கழுத்தின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து, முகப்பில் கம்பியைத் தாங்கும் குதிரை வரை கம்பி நீளம் 648 மி.மீ. இந்த எண்ணை மறக்க வேண்டாம், பின்னால் வேலை இருக்கிறது.

முதலில் வரைந்த படம் வேறு. இந்திய இசையும் ஜாஸும் கலந்த ஷக்தி குழுவில் ஜான் மெக்லாஃப்ளின் வாசித்த கிட்டாரில், மேல் கம்பிகளுக்கு அடியில் குறுக்காக 7 கம்பிகள் ஓடும். அந்த அழகில் மயங்கி அதே மாதிரி வரைந்தேன். ஆனால் குறுக்கே கட்டினால் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிருடைகளும் முகப்புப் பலகையிலேயே உட்கார வேண்டும். என் ஒட்டுப்பலகை அதைத் தாங்காது. எனவே தரப் கம்பிகளைக் கழுத்தின் ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஓடவிடுவது என்று முடிவு.

மெட்டுகளைப் பிடுங்கியதுதான் இருப்பதிலேயே சுகமான வேலை. சாலிடரிங் இரும்பை ஒவ்வொரு மெட்டின் மேலும் அரை நிமிடம் வைத்துச் சூடேற்றினால் பழைய பசை இளகும். பிறகு முனை தேய்த்த குறடால் ஓரத்திலிருந்து மெல்ல நெம்பினால் மெட்டு கழன்று வந்துவிடும். அவசரப்பட்ட மூன்று இடத்தில் மரம் செதிலாகப் பெயர்ந்தது. காலியான பள்ளங்களில் வெளிர்நிற மரச் சீவலை ஒட்டிச் சமன்செய்தேன். கோடுகள் தெரிந்தால் உருளை வைக்க வசதி என்று நினைத்தேன். அந்தக் கோடுகள்தான் பின்னால் என்னை ஏமாற்றின.

நட்டின் மேல் உயர்த்தித் துண்டு ஒன்றை மாட்டினேன். மேல் கம்பிகள் விரல்பலகையிலிருந்து 11 மி.மீ. எழும்பின. தரப் கம்பிகளின் உயரம் 4 மி.மீ.தான். நடுவில் உள்ள இடைவெளி போதும், உருளையை அழுத்தினாலும் கீழே இடிக்காது. சுருதி 2 கட்டை. தடித்த கம்பியிலிருந்து ஸ ப ஸ க ப ஸ. கிட்டார்காரர்கள் ஓப்பன் டி என்று சொல்லும் அதே கட்டு, நம் பக்கம் எழுதினால் இப்படி. 012 செட்டில் (மிக மெல்லிய கம்பியின் தடிப்பு 0.012 அங்குலம்) இந்தக் கட்டுக்கு மொத்த இழுவை ஏறக்குறைய 65 கிலோ. வழக்கமான கட்டில் அதே செட் 73 கிலோ இழுக்கும். 8 கிலோ லாபம், அதைத் தரப்புக்குச் செலவழிக்கலாம் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டேன். தப்பான கணக்கு.

தரப் கம்பிகளுக்குப் பிருடையாக 5 மி.மீ. சிதார் அல்ல, ஸிதர் ஆணிகளை எடுத்தேன். மேசைமேல் வைத்து வாசிக்கும் ஐரோப்பிய வாத்தியத்தின் சிறிய இரும்பு ஆணி அது. சாவி போட்டுத் திருப்ப வேண்டும். அவற்றை அடிக்கக் கழுத்தோரம் ஒரு கட்டை. கையில் இருந்த மென்மரத்தில் 5 மி.மீ. துளை போட்டு ஆணியை இறக்கினேன். சுருதி சேர்த்துவிட்டுத் திரும்புவதற்குள் ஆணி தானே பின்னால் சுற்றியது. இரண்டாம் முறை மேப்பிள் கட்டை, 4.8 மி.மீ. துளை. 0.2 மி.மீ.தான் வித்தியாசம், அதில்தான் எல்லாப் பிடிப்பும். துளையைக் கைத் துரப்பணத்தால் போடாதீர்கள், ஸ்டாண்டில் மாட்டிப் போடுங்கள். கை சற்று ஆடினாலும் துளை முட்டையாகிவிடும், ஆணி நிற்காது.

அடுத்தது நீளத் தப்பு. ஆறு தரப் கம்பிகளையும் ஒரே நீளத்தில், 610 மி.மீ. வைத்துக் கட்டினேன். மோகன ராகத்துக்குச் சேர்க்க ஆசை: ஸ ரி க ப த ஸ். ஸ, ரி, க சேர்ந்தது. பஞ்சமம் முனகிக்கொண்டே ஏறியது. தைவதத்துக்குப் போகும் வழியில் கம்பி பட்டென்று அறுந்து புறங்கையில் கோடு போட்டது. கம்பி தடிப்பு போலிருக்கிறது என்று 009ஐ விட்டு 008 போட்டேன். அதே இடத்தில் அறுந்தது. சரி, மெலிதாகிவிட்டதோ என்று 010 போட்டேன். அதுவும் ஏறக்குறைய அங்கேயே. மூன்றாவது அறுப்புக்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். கம்பி தடித்தால் வலுவும் கூடும், அதே சுருதிக்குத் தேவையான இழுவையும் அதே அளவு கூடும். ஆக, அறும் சுருதியைத் தீர்மானிப்பது நீளம்தான். கைக்கணக்கு இது: கம்பி நீளத்தை மீட்டரில் எடுத்து, அதிர்வெண்ணை ஹெர்ட்ஸில் எடுத்துப் பெருக்குங்கள். வெற்று இரும்புக் கம்பி 270ஐ ஒட்டி அறுந்துவிடும். 240க்குள் இருந்தால் நிம்மதி. 0.61ஐத் தைவதத்தின் 489.5ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 299. அறாமல் என்ன செய்யும்?

எனவே ஆணிகளைப் படிக்கட்டு மாதிரி இறக்கினேன். ஸ 610, ரி 580, க 550, ப 510, த 460, மேல் ஸ 400 மி.மீ. எல்லாம் 008 கம்பி. ஆறும் சேர்ந்து இழுப்பது சுமார் 28 கிலோ. பழைய கட்டையில் துளை மாற்ற இடமில்லை, மூன்றாவது கட்டை அறுத்தேன். இந்தக் கட்டத்திலிருந்து கண்ணாடி போடாமல் சுருதி சேர்க்கவில்லை.

அப்புறம் குதிரை பறந்தது. தரப் கம்பிகளையும் கிட்டாரின் ஒட்டுக் குதிரையிலேயே கட்டியிருந்தேன். முதல் வாரம் குதிரைக்குப் பின்னால் முகப்பு லேசாகப் புடைத்தது. இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தேன், 2 மி.மீ. பத்து நாளில் 4 மி.மீ. ஒரு ராத்திரி தூக்கத்தில் வெடிச் சத்தம். காலையில் குதிரை கம்பிக் கொத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, அடியில் முகப்பின் மேல் பட்டை ஒட்டிக்கொண்டே வந்திருந்தது.

இழுவை 73இலிருந்து 93 கிலோ ஆனதை மட்டும் பார்த்திருந்தேன். கம்பியின் உயரத்தைப் பார்க்கவில்லை. முகப்பிலிருந்து 12 மி.மீ. உயரத்தில் ஓடிய மேல் கம்பிகளை 18க்கு ஏற்றியிருந்தேன். நெம்புகோல் நீண்டால் நெம்பும் விசை கூடும் என்பது சைக்கிள் டயர் கழற்றியவனுக்கே தெரியும். உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் குதிரையைப் பெயர்க்கும் விசை பழையதைப் போல 1.7 மடங்கு. விஸ்வ மோகன் பட் கையில் இருப்பது ஆர்ச்டாப் வகைக் கிட்டார் என்று எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அந்த வகையில் கம்பிகள் வாத்தியத்தின் வாலில் கட்டப்பட்டிருக்கும், குதிரை பசையில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். நம் வீணையிலும் அதே ஏற்பாடு, நாகபாசம் என்று பெயரே இருக்கிறது. படித்ததை யோசித்திருந்தால் குதிரை தப்பியிருக்கும்.

3 மி.மீ. பித்தளைத் தகட்டை வளைத்து நாகபாசம் செய்தேன். கிட்டாரின் அடிப்பக்கத்தில், உள்ளே கட்டை இருக்கும் இடமாகப் பார்த்து நான்கு திருகு. குதிரையை மேப்பிளில் செதுக்கி முகப்பில் நிறுத்தினேன். பெயர்க்கும் விசை போனது. அமுக்கும் விசை வந்தது. கம்பி குதிரைமேல் ஏறி இறங்கும் கோணம் 15 டிகிரி. 93 கிலோ இழுவைக்கு அது முகப்பை 24 கிலோ விசையோடு கீழ்நோக்கி அமுக்குகிறது. கிட்டார் முகப்பு இழுப்பைத் தாங்கச் செய்யப்பட்டது. தலையில் மூட்டை வைத்தால் குழிந்துவிடும். குழிந்தது.

இங்கே ஒரு பிடில் புத்தி. பிடிலுக்குள் முகப்புக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு குச்சி நிற்கும். இத்தாலியிலும் பிரான்சிலும் அந்தக் குச்சிக்கு ஆன்மா என்றே பெயர். அதேபோல 6 மி.மீ. தேவதாருக் குச்சியை நூல் கட்டி ஒலித்துளை வழியாக இறக்கினேன். முகத்துக்கு முன்னால் சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு, நூலை இழுத்து இழுத்து, அதை நிமிர்த்தி நிறுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போயிற்று. முகப்பு குழிவது நின்றது. ஒலியும் நின்றது. கீழ் ஷட்ஜம் தகரப் பெட்டியைத் தட்டுவதுபோல ஒலித்தது. ஆன்மாவை உள்ளே வைத்ததும் உயிர் போன வாத்தியம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

குச்சியை எடுத்தேன். நாகபாசத்தின் முனையை ஒரு மரத்துண்டால் உயர்த்திக் கோணத்தை 7 டிகிரிக்குக் குறைத்தேன். அமுக்கும் விசை 11 கிலோவுக்கு வந்தது. துளை வழியாகக் கைவிட்டுக் குதிரைக்கு நேர் அடியில் ஒரு தேவதாருப் பட்டையை ஒட்டினேன். மூன்று மாதமாக முகப்பு அசையவில்லை. கழுத்து மட்டும் ஆணிக்கட்டை இருக்கும் பக்கமாக ஒன்றரை மி.மீ. முறுக்கிக்கொண்டது. கட்டையை நீளமாக்கி அதன் அடிமுனையைக் கிட்டார் குடத்தின் தோளோடு திருகியதும் நின்றது. கழுத்து கொஞ்சம் வளைந்தால்கூடப் பரவாயில்லை. விரல்பலகையைத்தான் எந்தக் கம்பியும் தொடப்போவதில்லையே.

இனி ரீங்காரம். தரப் கம்பிகளுக்குத் தனியாக 12 மி.மீ. அகலத்தில் எலும்புக் குதிரை ஒன்றைப் பெரிய குதிரைக்கு முன்னால் வைத்தேன். ஹர்டாங்கர் பிடிலைப் பார்த்துப் பெரிய குதிரையிலேயே துளை போட்டுக் கம்பியை நுழைக்க ஒரு முயற்சி செய்திருந்தேன். துளையின் விளிம்பு கம்பியை அறுத்தது, விட்டுவிட்டேன். எலும்பின் மேல்பரப்பு தட்டையாகவும் இருக்கக் கூடாது, வளைவாகவும் தெரியக் கூடாது. கம்பி அதிரும்போது பரப்பை விட்டு விட்டுத் தொட வேண்டும். கண்ணாடித் துண்டின்மேல் 400, பிறகு 1000, கடைசியாக 2000 உப்புத்தாள். எங்கே தொடுகிறது என்று தெரிய, பென்சிலால் எலும்பைக் கறுப்பாக்கிக் கம்பியைக் கட்டி இரண்டு நிமிடம் மீட்டிவிட்டுக் கழற்றினால், தொட்ட இடத்தில் மட்டும் ஒரு வெள்ளிக்கோடு இருக்கும். கோடு 3 மி.மீ.க்கு மேல் நீண்டால் கம்பி ஊமை. மூன்று எலும்பை அளவுக்கு மேல் தேய்த்துக் கெடுத்தேன்.

நாலாவது எலும்பும் முக்கால்வாசிதான் சரியாக வந்தது. மீதியை ஜீவா பார்த்துக்கொண்டது. தம்பூராவுக்கு வைப்பதுபோலக் கம்பிக்கும் எலும்புக்கும் நடுவே பருத்தி நூல். நூலை நகத்தால் தள்ளிக்கொண்டே போனால், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, சட்டென்று ஒரு முடியளவு இடத்தில் ஒலி விரியும். கூட அரை மி.மீ. தள்ளினால் போய்விடும். ஆறு கம்பிக்கும் ஆறு நூல். ஐரோப்பாவின் ஆன்மா கைவிட்ட இடத்தில் நம் ஜீவா காப்பாற்றியது. மேல் கம்பிகளுக்கும் இதே ரீங்காரம் கொடுத்துப் பார்த்தேன்; இரும்பு உருளையோடு சேர்ந்து மூக்கடைத்தவன் பாடுவதுபோல இருந்தது. மேலே தெளிவு, கீழே ரீங்காரம் என்று வைத்தால்தான் இரண்டும் காதில் தனித்தனியாக விழுகிறது.

எல்லாம் முடிந்தது என்று வாசித்தால், ஸ, ரி, ப மூன்றும் அழகாகக் கூட அதிர்ந்தன. க, த இரண்டும் ஊமை. எலும்பை மறுபடி தேய்த்தேன், நூலை மாற்றினேன், கம்பியை மாற்றினேன். இரண்டு வாரம் போனது. வீணை வாசிக்கும் நண்பன் ஒருவன் வந்தவன் ஐந்து நிமிடம் கேட்டான்.

“கம்பியில கோளாறு இல்லடா. நீ வாசிக்கிற காந்தாரம் வேற, அது காத்துக்கிட்டு இருக்கிற காந்தாரம் வேற.”

“ட்யூனர் வச்சுத்தானே சேர்த்தேன்?”

“அதத்தான் சொல்றேன்.”

ஒரு கடுகளவு காகிதத்தை மடித்துக் காந்தாரத் தரப்பின்மேல் குதிரையேற்றினான். வழக்கம்போல வாசித்தேன். காகிதம் அசையவில்லை. “இப்ப உருளையை மேல தள்ளு, மெதுவா.” தள்ளினேன். ஒரு இடத்தில் காகிதம் துள்ளிக் கீழே விழுந்தது. உருளை அப்போது பழைய மெட்டுக் கோட்டின் நேர்மேல் இருந்தது. என் காது நின்ற இடத்துக்கும் அதற்கும் 4 மி.மீ.

அளவுகோலை எடுத்துப் பார்த்தால் எல்லாம் தெளிவாக இருந்தது. 648ஐ 5ஆல் வகுத்தால் 129.6, ஷட்ஜத்தோடு பிசிறில்லாமல் சேரும் காந்தாரம் நட்டிலிருந்து அத்தனை மி.மீ. தூரத்தில் இருக்கிறது. கிட்டாரின் நாலாவது மெட்டு இருந்த கோடு 133.7இல். பன்னிரண்டு அரைச்சுரத்தையும் சமமாகப் பங்குபோட்டதால் வந்த தள்ளல் அது. பக்கத்தில் ஷட்ஜம் ஒலித்துக்கொண்டிருக்க, காந்தாரத்தை நீட்டி நிறுத்தும்போது காது தானாக 129.6க்கு இறங்கிவிடுகிறது. தரப்போ ட்யூனர் சொன்ன 370 ஹெர்ட்ஸில் காத்திருக்கிறது. நான் கொடுப்பது 367. மூன்று ஹெர்ட்ஸ் தள்ளிக் கூப்பிட்டால் அது திரும்பிப் பார்க்காது. தைவதத்துக்கும் இதே வியாதி: கோடு 262.7, காது கேட்பது 259.2. மற்ற மூன்றுக்கும் வித்தியாசம் ஒன்றரை மி.மீ.க்குள் என்பதால் பிழைத்தன.

அரைச்சுரத்தை 100 சென்ட் என்று காட்டும் ட்யூனரில் இப்போது சேர்க்கும் அளவு இது: ரி 4 கூட, ப 2 கூட, க 14 குறைய, த 16 குறைய. மேல் கம்பியில் உள்ள காந்தாரத்துக்கும் அதே 14. பழைய கோடுகளைக் கறுப்பு மையால் அழித்துவிட்டு வெள்ளைப் புள்ளி வைத்தேன்: 72, 129.6, 162, 216, 259.2, 324. ரி, க, ம, ப, த, மேல் ஸ. வைத்த அன்று ராத்திரிதான் முதல் பத்தியில் சொன்ன காந்தாரம்.

உருளையைப் பற்றி இரண்டு வரி. சித்திரவீணைக்காரர்கள் கருங்காலியும் பிற்காலத்தில் டெஃப்லானும் பயன்படுத்தியதைப் பார்த்து 20 மி.மீ. டெஃப்லான் தண்டில் 80 மி.மீ. அறுத்தேன். 55 கிராம். சரசரப்பே இல்லை, கமகம் வழுக்கிக்கொண்டு வருகிறது. ஆனால் என் கம்பிகளில் ஒலி சீக்கிரம் அடங்குகிறது. 19 மி.மீ. இரும்பு உருளை 178 கிராம். சுற்றுக்கம்பிமேல் சர்ரென்கிறது, ஆனால் ஒலி நீள்கிறது, தரப்பும் நன்றாக எழும்புகிறது. இப்போதைக்கு இரும்பு.

செலவைப் பார்த்தால், ஆணி, பித்தளை, எலும்பு, மேப்பிள் எல்லாம் சேர்த்தே மேல் கம்பி செட் மூன்று வாங்கும் அளவுதான். அறுந்த கம்பிகளுக்கு அதைப்போல இரண்டு மடங்கு போனது. அடுத்த கிட்டாரில் நாகபாசத்தை முதல் நாளே போடுவேன். ஆணிக்கட்டையைத் தோள்வரை நீளமாக ஒரே துண்டாக அறுப்பேன். மெட்டுப் பள்ளங்களைக் கறுப்பு மரத்தால் அடைப்பேன். மேல் கம்பியில் காந்தாரமே வைக்க மாட்டேன். மோகனத்துக்கு அது சரி, ஹிந்தோளம் வாசிக்க உட்கார்ந்தால் அந்தக் காந்தாரமும் பஞ்சமமும் நடுவில் புகுந்து வம்பு செய்கின்றன. அதற்காக மேலும் கீழுமாகக் கம்பிகளைத் திருப்பிச் சேர்க்க 20 நிமிடம் ஆகிறது. நேற்று அப்படிச் சேர்க்கும்போது நிஷாதத்துக்கு ஏற்றிய கம்பி அறுந்தது. பெருக்கிப் பார்த்தேன், 240.2. டப்பாவில் 008 இன்னும் நாலு இருக்கிறது.